மூன்று கிழமையாகத் துணி மூடிக் கிடக்கிற அம்பிளிபயர்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். முள்ளியவளையில் இருந்து எழுதுகிறீர்கள். ஏ.எல். படிப்புக்கு நடுவே நான்கு மாதமாக வெரோ போட்டில் (துளையும் செப்புக் கீலமும் உள்ள பலகை) ஒரு ஸ்ரீரியோ அம்பிளிபயர் கட்டியிருக்கிறீர்கள். 24-0-24 ரான்ஸ்போமர், ஒரு பக்கத்துக்கு 5200, 1943 என்று ஒரு சோடி பவர் ரான்சிஸ்ரர். கடைசி வயரைப் பொருத்தி மூன்று கிழமை ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் பிளக்கைக் கையில் எடுப்பதும், வயிற்றைப் பிசைவதும், பழைய சீலைத் துண்டால் மூடிவிட்டு எழும்பிப் போவதுமாக இருக்கிறீர்கள். இந்தப் பயம் எனக்கு மட்டும்தானா, எரிக்காமல் சோதிக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. கிளிநொச்சியில் திருத்த வேலை செய்கிற எனக்கு இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். ஆட்கள் கொண்டுவரும் இன்வேட்டருக்கோ ரிவி போட்டுக்கோ கறண்ட் கொடுக்க எனக்கு ஒரு நடுக்கமும் கிடையாது. அது ஏற்கெனவே பழுதான சாமான், இனி என்ன கெட்டுப்போகும்? ஆனால் நானே முதலில் இருந்து கட்டியது என்றால், இப்போதும் சுவிற்சைப் போட முன் ஒருதரம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவேன். ஒரு சிற்றலை ரேடியோவைக் கட்டி முடித்து இரண்டு மாதம் அலுமாரிக்கு மேல் வைத்திருந்த ஆள் நான். கேட்டவர்களிடம் ஒரு கப்பாசிற்றர் வரவேண்டியிருக்கிறது என்று சொன்னேன். கப்பாசிற்றர் எல்லாம் எப்போதோ வந்துவிட்டது.

சந்தையில் பானை வாங்கும்போது எல்லோரும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நாமே வனைந்த பானையைத் தட்டத்தான் கை வராது. தட்டாத வரைக்கும் அது நல்ல பானை.

"சும்மா போட்டுப் பாரும், எரிந்தால் மாற்றலாம்" என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்களின் அறிவுரை. எரிந்தால் பின்னேரமே இன்னொரு சோடி வாங்கலாம். எங்களுக்கு அது ஒரு இரவு பஸ் ஓட்டம், அல்லது பார்சல் வருமட்டும் காத்திருப்பு. வந்த பிறகும் அது ஒரிஜினல் 5200 தானா, இல்லை மேலே இலக்கத்தை மட்டும் அடித்துவிட்ட போலியா என்ற கவலை வேறு. ஆகவே உங்கள் பயத்தில் ஒரு பங்கு வெறும் கணக்கு. அதை மனப்பலவீனம் என்று நினைத்துக் குறைத்துக்கொள்ள முயல வேண்டாம். அந்தக் கணக்கை வைத்தே சோதிக்கும் முறையை அமைக்கலாம்.

நான் அதைப் படித்தது ஒரு சைக்கிளில்.

1997, மல்லாவி. கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தோம். எனக்குப் பதின்நான்கு வயது. மின்சாரம் என்பது பெரியவர்கள் பழைய கதையாகச் சொல்லும் ஒன்று. பற்றறி வன்னிக்குள் வரத் தடை. அதனால் ஊரில் ரேடியோ கேட்கிற வீடுகளில் எல்லாம் ஒரு சைக்கிள் ஸ்ராண்டில் நிற்கும். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின்சில்லில் டைனமோ உரச, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை நேரோட்டமாக்கி ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். இரவுச் செய்தி முடியுமட்டும் சுற்றுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார்.

என் சித்தப்பா ஒரு கொட்டிலில் ரேடியோ திருத்தினார். அயனைச் சிரட்டைக்கரி நெருப்பில் சூடாக்கித்தான் ஈயம் வைப்பார். ஒருநாள் பழைய ரேடியோ ஒன்றின் கடைசிக் கட்டத்தை, எங்கிருந்தோ கழற்றிய ஏசி 128 என்ற ரான்சிஸ்ரர் சோடி ஒன்றை வைத்துத் திரும்பக் கட்டினார். அந்தச் சோடி போனால் வேறு சோடி இல்லை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சைக்கிளில் நிற்பாட்டினார். "மெதுவாச் சுத்து. நான் சொன்னா உடனே நிப்பாட்டு" என்றார். சில்லு ஆமை வேகத்தில் சுற்றியது. அவர் ஒரு விரலை ரான்சிஸ்ரரில் வைத்துக்கொண்டு, கண்ணை டைனமோவோடு சேர்த்து விட்டிருந்த சைக்கிள் லைற்றில் வைத்திருந்தார். "கொஞ்சம் கூட்டு." கூட்டினேன். லைற் செம்மஞ்சளாக மினுங்கியது. ஸ்பீக்கரில் உமி தேய்ப்பது போல ஒரு இரைச்சல். "இன்னும்." அப்போது எங்கோ தூரத்தில் ஒருவர் சிங்களத்தில் கதைக்கிற சத்தம் வந்தது. சித்தப்பா விரலை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

அவர் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்ஸ். அதாவது அரை அம்பியர். இரண்டு வயரையும் நேரே சேர்த்துச் சோட் ஆக்கினாலும் அதற்கு மேல் பெரிதாக அதனால் தள்ள முடியாது, அதன் சுருளே கறண்டை மட்டுப்படுத்திவிடும். மெதுவாகச் சுற்றினால் வோல்ற்றும் குறைவு. ஆகவே வோல்ற்று மெல்ல ஏறும், கறண்டுக்கு ஒரு வேலி இருக்கும். எங்கேயாவது சோட் இருந்தால் பக்கத்து லைற் எரியாமல் காட்டிக்கொடுக்கும். ஆய்வுகூடங்களில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பவர் சப்ளை செய்கிற வேலையும் இதுதான். (டைனமோவுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. லைற் பல்ப் பியூஸ் போன பிறகு வேகமாகச் சுற்றினால் வோல்ற்று எங்கேயோ ஏறிவிடும். என் மச்சான் விளையாட்டுக்கு அப்படிச் சுற்றி ஒரு நல்ல ரேடியோவைக் கொன்றான்.)

சுவரில் இருக்கிற பிளக் பொயின்ற்றுக்கு இந்த வேலி இல்லை. அது 230 வோல்ற்றையும் ஒரே அடியாகக் கொடுக்கும், கேட்கிற அளவு கறண்டையும் கொடுக்கும். உங்கள் கை நடுங்குவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். நான்கு மாத வேலை அரைச் செக்கனில் தீர்ப்பாகிவிடும். அப்படி ஒரு செக்கனை வைக்காமலே விடலாம். முதல் சுவிற்ச் என்ற ஒன்றைப் பதினைந்து சின்னச் சுவிற்சாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றிலும் பயப்பட இருக்கிறது கொஞ்சம்தான்.

முதலில் கறண்ட் இல்லாத வேலை. இரவில் செய்ய வேண்டாம், விடியப் பாருங்கள். போட்டின் அடிப்பக்கத்தைப் பழைய பல் தூரிகையும் தின்னரும் கொண்டு வடிவாகத் தேய்த்துக் காயவிடுங்கள். ஈயம் வைக்கும்போது படிகிற பிளக்ஸ் அழுக்குக்குள் மயிரளவு ஈயப் பாலம் ஒன்று ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெரோ போட்டில் வழக்கமாக நடக்கிற பிழை, செப்புக் கீலத்தை வெட்டிய இடத்தில் ஒரு நூல் செப்பு மிச்சம் நிற்பது. ஒவ்வொரு வெட்டையும் மல்ரிமீற்றரின் பீப் சத்தத்தால் சோதியுங்கள்.

பிறகு சுற்றுப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் போட்டைப் பார்க்காதீர்கள். போட்டைப் பார்த்துப் படத்தைக் கீறுங்கள். வெறும் தாளில், இந்தக் கால் எங்கே போகிறது, அந்தக் கால் எங்கே போகிறது என்று கண் கண்டதை மட்டும் கீறி, கடைசியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் வையுங்கள். கட்டியவர் கண் கட்ட நினைத்ததைத்தான் பார்க்கும். நாலு மாதம் பார்த்த போட்டில் பிழை இருந்தாலும் அது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். வீட்டில் தம்பியோ அம்மாவோ இருந்தால் தடைகளின் நிறத்தை அவர்களைக் கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள். மண்ணிறமா சிவப்பா என்று தெரியாத ஆள் வாசித்தால் இன்னும் நல்லது, சந்தேகமானதை மீற்றரால் அளந்துவிடுவீர்கள்.

கப்பாசிற்றரில் இரண்டு விஷயம். ஒன்று, பிளஸ் மைனஸ். மைனஸ் சப்ளைப் பக்கத்தில் பிளஸ் கால்தான் கிறவுண்டுக்கு வரும், அதில் சறுக்குகிறவர்கள் அதிகம். தலைகீழாகப் போட்ட பெரிய கப்பாசிற்றர் வெடிக்கும், முகத்தைப் பக்கத்தில் வைத்திராதீர்கள். இரண்டு, வோல்ற்றளவு. 24 வோல்ற் ஏசியை நேரோட்டமாக்கினால் 24 தரம் 1.41, ஏறக்குறைய 34. இது ரான்ஸ்போமர் முழுப் பாரத்தில், அதாவது முழுக் கறண்டையும் கொடுக்கும்போது. பாரம் இல்லாதபோது ரான்ஸ்போமர் இன்னும் கூடத் தரும், சாமத்தில் லைனும் ஏறும். எங்கள் பக்கம் இரவு பத்துக்குப் பிறகு 240ஐத் தாண்டுவதை நானே அளந்திருக்கிறேன். ஆகவே 36, 37 என்று வந்து நிற்கும். நீங்கள் 35 வோல்ற் எழுதிய கப்பாசிற்றர் போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றி 50 வோல்ற்றைப் போடுங்கள். கேள்வியில் இதை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

5200இன் முதுகில் இருக்கிற உலோகம் கலெக்ரர், அதாவது அதன் நடுக்காலோடு சேர்ந்தது. அதுதான் சூட்டை இழுக்கிற அலுமினியமான ஹீற் சிங்கோடு ஒட்டி நிற்கிறது, நடுவில் கறண்டைத் தடுக்கிற மைக்கா. அலுமினியத்தில் துளை போட்டபோது விளிம்பில் ஒரு சின்னப் பிசிர் நின்றிருந்தால் அது மைக்காவைக் குத்திப் போயிருக்கும். நாலு ரான்சிஸ்ரருக்கும் நடுக்காலில் இருந்து ஹீற் சிங்குக்கு மீற்றரைப் பிடியுங்கள். பீப் அடித்தால் கழற்றுங்கள், துளையைப் பெரிய ட்ரில் நுனியால் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி மழித்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். பயஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடுகிற சின்னக் கறண்டை, மட்டுப்படுத்துகிற பயஸ் ரான்சிஸ்ரர் ஹீற் சிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். அது காற்றில் தொங்கினால் சூடேறுவது அதற்குத் தெரியாது, பாட்டு நடுவில் கறண்ட் மேலும் மேலும் ஏறி எல்லாம் எரிந்துபோய்விடும்.

மீற்றரைப் பற்றியும் ஒரு சொல். சிவப்பு வயர் 10 அம்பியர்த் துளையில் நிற்கவில்லை என்று ஒவ்வொரு தரமும் பாருங்கள். அங்கே வைத்துக்கொண்டு வோல்ற் அளக்கப் போனால் நீங்கள் அளக்கவில்லை, சோட் ஆக்குகிறீர்கள். ஒரு லொறிப் பற்றறியில் அப்படிச் செய்து மீற்றர் வயரின் நுனி உருகிப் போன ஆள் எழுதுகிறேன்.

இனி வேலி. 60 வாற்ஸ் இழை பல்ப் ஒன்று வேண்டும், பிறகு 100 ஒன்று. எல்ஈடி, சிஎப்எல் சரிவராது. இழை பல்ப்தான் குளிர்ந்திருக்கும்போது குறைந்த தடையாகவும் எரியும்போது அதைவிடப் பத்து மடங்களவு தடையாகவும் மாறும். கடையில் கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சு வளர்க்கிற வீட்டில் கேளுங்கள், குஞ்சுக்குச் சூடு கொடுக்க வைத்திருப்பார்கள். அந்த பல்ப்பை ஃபேஸ் வயரில், உங்கள் ரான்ஸ்போமருக்கு முன்னால் தொடராகப் போடுங்கள். அம்பிளிபயரில் முழுச் சோட் இருந்தாலும் 60 வாற்ஸ் பல்ப் கால் அம்பியருக்குச் சற்று மேல்தான் போகவிடும். சாமான் எரிவதற்குப் பதிலாக பல்ப் எரியும். அறிவியல்நகரில் பொறியியல் படித்த ஒரு பெடியன் என் கடையில் இந்த பல்ப்பைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த மாதம் வந்து ஹோல்டரின் அளவு கேட்டுப் போனான்.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள்: இந்த பல்ப் சாமானைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. தொட்டால் அதே 230 வோல்ற் அடிதான். ட்ரிப் சுவிற்ச் இல்லாத வீட்டில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இருந்தாலும் அது புவிக்குக் கசிகிற கறண்டை மட்டும்தான் பார்க்கும். ஃபேஸுக்கும் நியூற்றலுக்கும் நடுவில் நீங்கள் அகப்பட்டால் உங்களையும் ஒரு பல்ப் என்றுதான் நினைக்கும். ரான்ஸ்போமரின் 230 பக்க மூட்டு எல்லாவற்றையும் ஸ்லீவால் மூடுங்கள். பெட்டியின் தகரத்தையும் ஹீற் சிங்கையும் எர்த்துக்குக் கொடுங்கள். எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்றும் ஒரு வயர்மனைக் கொண்டு பாருங்கள். எங்கள் பக்கம் ஆவணியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் காய்கிறபோது எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். செருப்புப் போடுங்கள், ஒரு கையைப் பின்னால் வையுங்கள், வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இடி முழக்கத்தில் வேண்டாம்.

சரி, தொடங்குவோம். முதல் நாள் ரான்ஸ்போமர் மட்டும். போட் இல்லை, ஏசியை நேரோட்டமாக்குகிற ரெக்ரிபயர் இல்லை. பல்ப் எரியவே கூடாது, அல்லது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிவப்பு. நடுவயரில் இருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 25, 26 ஏசி, நுனியில் இருந்து நுனிக்கு அதன் இரட்டிப்பு. அன்றைக்கு அவ்வளவு போதும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். மூன்று கிழமையாகப் பிளக்கைத் தொடாத கைக்கு, பிளக்கைக் குத்தினேன், ஒன்றும் ஆகவில்லை என்ற ஒரு இரவு நித்திரை வேண்டும்.

அடுத்து ரெக்ரிபயரும் கப்பாசிற்றரும். பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து அணையும், அது கப்பாசிற்றர் நிரம்புகிற நேரம். பயந்து இழுத்துவிடாதீர்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் இழுக்க வேண்டும். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். நிற்பாட்டிய பிறகு கப்பாசிற்றரில் கறண்ட் தங்கும். அதை ஸ்குரூ ட்ரைவரால் சோட் ஆக்குவது வீரம் இல்லை. 220 ஓம் 5 வாற்ஸ் தடை ஒன்றை இரண்டு முனைக்கும் பத்துச் செக்கன் பிடியுங்கள், மீற்றரால் பூச்சியம் என்று பார்த்த பிறகு தொடுங்கள்.

மூன்றாவதுதான் போட். ஒரு பக்கம் மட்டும், மற்றப் பக்கம் கழற்றியே இருக்கட்டும். ஸ்பீக்கர் இல்லை. இன்புட்டைக் கிறவுண்டோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு சப்ளைப் பியூஸையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 47 ஓம் 5 வாற்ஸ் தடை ஒவ்வொன்று. இது இரண்டாவது வேலி, அதோடு கறண்டைச் சொல்லும் கண்ணாடியும் கூட. தடையின் குறுக்கே 1 வோல்ற் என்றால் 21 மில்லிஅம்பியர். பயஸ் ட்ரிம்மரை எந்தப் பக்கம் திருகினால் குறைவு என்று படத்தில் பார்த்து, அந்தக் கடைசிக்குத் திருகி வையுங்கள். மீற்றர் வயரை முதலே கிளிப்பால் மாட்டிவிட்டுப் பிறகு சுவிற்சைப் போடுங்கள். கறண்ட் போகிற போட்டுக்குள் கையில் ஊசி பிடித்துத் தேடினால், நடுங்குகிற கை ஒருநாளும் இல்லாத சோட்டை உண்டாக்கிவிடும்.

பல்ப் பளிச்சென்று எரிந்து அணைகிறது. 47 ஓமில் ஒரு வோல்ற், ஒன்றரை வோல்ற். நல்லது. ஐந்து வோல்ற்றைத் தாண்டினால் நிற்பாட்டுங்கள். பிறகு ஸ்பீக்கர் முனையில் டிசி, அதாவது நேரோட்ட வோல்ற், எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் உங்கள் நான்கு மாதம் வீண்போகவில்லை. அங்கே 30 வோல்ற் நின்றால் எங்கோ ஒரு கால் மாறியிருக்கிறது. பரவாயில்லை, ஒன்றும் எரியவில்லை, ஆறுதலாகத் தேடலாம்.

அந்த ஒரு அளவை எடுக்காமல் விட்டதால் நான் பட்ட கதையையும் சொல்ல வேண்டும். ஏ9 வீதி திறந்து, சாமான்கள் வன்னிக்குள் வரத் தொடங்கிய காலம். எனக்கு இருபது வயது, கையில் முதல் தரமாகப் புது ரான்சிஸ்ரர், தலையில் கொஞ்சம் திமிர். ஒரு கோயில் திருவிழாவுக்கு அம்பிளிபயர் கட்டித் தருவதாக வாய்விட்டுவிட்டேன். மத்தியானம் கடைசி ஈயம் வைத்து, பின்னேரம் நேராகக் கோயிலடிக்குக் கொண்டுபோய், சனம் சுற்றி நிற்க, கடன் வாங்கிய ஸ்பீக்கர்ப் பெட்டியை மாட்டிச் சுவிற்சைப் போட்டேன். "டுப்" என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரின் கடதாசி முன்னால் தள்ளி அப்படியே நின்றது. ஒரு கிழவர் "சத்தம் வருகுதில்லையே தம்பி" என்றார். நான் வால்யூமைத் திருகிக்கொண்டிருந்தேன். பத்துச் செக்கனில் பெட்டியின் வலைக்குள்ளால் புகை வந்தது. உள்ளே ஒரு ரான்சிஸ்ரர் சோட், முழுச் சப்ளையும் ஸ்பீக்கர்ச் சுருளுக்குள். 33 வோல்ற்றை 8 ஓமால் பிரித்தால் 4 அம்பியர், அதாவது 130 வாற்ஸுக்கு மேல் வெறும் சூடு. அம்பிளிபயர் என்னுடையது, ஸ்பீக்கர் மற்றவருடையது. அந்தக் கடனை இரண்டு வருடம் கட்டினேன்.

ஆகவே நீங்களும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குள் முடித்து வாசிகசாலைக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு மெல்லப் பகீர் என்றது. நாள் குறித்து எரிக்க வேண்டாம். அந்தத் திகதிக்கு வேறு ஒரு பெட்டியை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

டிசி சரி என்றால் பிறகு எல்லாம் இறக்கம்தான். பல்ப்பை 100 வாற்ஸுக்கு மாற்றுங்கள், பிறகு பல்ப் இல்லாமல் 47 ஓமோடு மட்டும். பயஸைச் சரிசெய்வது அப்போதுதான், பல்ப் இருக்கும்போது சப்ளை தொய்ந்து பொய்க் கணக்குக் காட்டும். பவர் ரான்சிஸ்ரரின் எமிற்றர்க் காலில் 0.22 ஓம் தடை போட்டிருக்கிறீர்கள் என்றால், அதன் குறுக்கே 11 மில்லிவோல்ற் வருமட்டும் மெல்லத் திருகினால் 50 மில்லிஅம்பியர். இருபது நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா என்று. நின்றால் பியூஸைப் போட்டு, பழைய ரேடியோவில் கழற்றிய ஏதாவது ஒரு ஸ்பீக்கரை மாட்டி, வால்யூம் பூச்சியத்தில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் கடைசிக்கு. மற்றப் பக்கத்துக்கும் இதே வரிசை. முதல் பக்கம் சரிவந்த துணிச்சலில் இரண்டாவதில் படி தாண்டுகிறவர்களைத்தான் என் கடையில் அதிகம் காண்கிறேன்.

இவ்வளவும் செய்தும் ஏதாவது புகைத்தால்? மூக்கை நம்புங்கள், கறண்டை எடுங்கள், உடனே சாமானைப் பிடுங்கத் தொடங்காதீர்கள். கறுத்துப்போன தடையைப் பார்த்ததும் அதுதான் குற்றவாளி என்று மாற்றிவிட்டு மறுபடி சுவிற்ச் போடுவார்கள், அதுவும் கறுக்கும். தடை பெரும்பாலும் அடி வாங்கினவர், அடித்தவர் அதற்குப் பின்னால் சோட் ஆகி நிற்கிற ரான்சிஸ்ரர். அன்றைக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு நித்திரைக்குப் போங்கள், அந்த நேரம் துணி சரியான மருந்து. அடுத்த நாள் மீற்றரோடு உட்காருங்கள்.

நான் கட்டினவற்றில் முதல் தரமே பிழையில்லாமல் ஓடினது மிகக் குறைவு. ஆனால் 2009க்குப் பிறகு, பெட்டி, சாமான், கொட்டில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து புதிதாகத் தொடங்கியபோது, நான் திரும்ப வாங்கிய முதல் மூன்று சாமான் ஒரு அயன், ஒரு மீற்றர், ஒரு 60 வாற்ஸ் பல்ப்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை என்றால் ரான்ஸ்போமரை மட்டும் செய்யுங்கள். பல்ப் எரிந்ததா, இரண்டு பக்கமும் எத்தனை வோல்ற் ஏசி வந்தது, கப்பாசிற்றரில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் இங்கே எழுதிவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பார்ப்போம்.